முரளிக்கு வாங்கிய கயிறு

பார்சலைப் பிரித்ததும் வந்த வாசனை எனக்குத் தெரிந்ததுதான். புது மழைக்கோட்டின் வாசனை, அதற்கு அடியில் மெலிதாக மிஷின் எண்ணெய். தனம் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அதன்மேல் வைத்துத்தான் பிரித்தாள். ஆரஞ்சு நிறக் கயிறு. நடுவே கறுப்பு இழை ஒன்று ஓடுகிறது. முனையை எடுத்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள். எதற்காக முகர்கிறோம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நீ செய்வாய், அதனால் நாங்களும் செய்தோம்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கயிறு உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அதில் என் தவறு ஒன்று இருக்கிறது. உன் மனைவி தனத்திடம் சொல்லிவிட்டேன், அவள் தம்பி முரளியிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

நாம் முதலில் பேசிக்கொண்டது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலூரில், காற்று மழைக்கு மறுநாள் காலை. அரசு அலுவலகம் ஒன்றின் வாசலில் நின்ற புங்கமரத்தின் பெரிய கிளை முறிந்து, கீழே விழாமல் இன்னொரு கிளையில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. குறிப்பேட்டோடு நேராக அதன் அடியில் போய் நின்றேன். மேலேயிருந்து ஒரு குரல், கத்தாமல், எழுதறவரே, நாலடி தள்ளி நின்னு எழுதுங்க என்றது. தள்ளி நின்றேன். சற்று நேரத்தில் நான் நின்ற இடத்தில் அந்தக் கிளை கயிற்றில் இறங்கி வந்து படுத்தது. நீ இறங்கியதும் பெயர், ஊர், வயது கேட்டு எழுதிக்கொண்டேன். ஊர் பள்ளிகொண்டா. வயதில் நமக்குள் மூன்று மாத வித்தியாசம்.

மறுநாள் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நீ எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டாய்.

"மரம் வெட்டும் தொழிலாளின்னு போட்டுகீறியே. நான் எங்க வெட்டனேன்? கிளை எடுத்தேன். மரம் நிக்குதுல்ல, போய்ப் பாரு."

இதற்கெல்லாம் திருத்தம் போட மாட்டார்கள் என்றேன். சரி, டீயாவது வாங்கிக்கொடு என்றாய். அந்த டீயில் ஆரம்பித்தது நம் பழக்கம். அதற்குப் பிறகு மரம் பற்றி எந்தச் செய்தி எழுதினாலும் 'வெட்டு' என்ற சொல் வரும் இடத்தில் என் பேனா ஒருமுறை நிற்கும்.

மரத்துக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் நீ ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவன். பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே, தோலைப் பார்க்காமல், விரலை ஓட்டியே இது ஒன்று, இது மூன்று என்று தள்ளிவிடுவாயாம். ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, மேல காத்து நல்லாருக்கு என்று மட்டும் சொன்னாய். அந்த விரல்களை மரத்துக்கும் கொண்டுவந்துவிட்டாய். தினமும் ஏறுவதற்கு முன் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலிடுக்கில் ஓடவிடுவாய். அப்போது கண் கயிற்றில் இருக்காது. தெருவில் போகிறவரைப் பார்த்துச் சிரிப்பாய், முரளியைக் கிண்டல் செய்வாய், என்னிடம் அரசியல் கேட்பாய். திடீரென்று விரல் நின்றால் பேச்சும் நிற்கும். உள்ளே சின்னதாக ஒரு கட்டி தட்டியது என்பாய். வெளியே எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடத்தை அன்றே அறுத்துவிடுவாய்.

ஆனால் அப்போது நீ ஏறிக்கொண்டிருந்தது லாங் பஜாரில் வாங்கிய லாரிக் கயிற்றில். சரக்குமேல் தார்ப்பாய் போட்டுக் கட்டுவார்களே, அந்த மூன்று புரி நைலான் கயிறு. கையில் பிடித்தால் வழுக்கும், முடிச்சு உராய்ந்தால் சூட்டில் பளபளவென்று உருகும். அதைப் பார்த்துப் பயந்துபோய், சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது, மலை ஏறுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் உனக்கு ஒரு கயிறு வாங்கிவந்தேன். நீல நிறம். இமயமலைக்குப் போகிறவர்கள் வாங்குவது என்று கடைக்காரர் சொன்னதில் எனக்குப் பெருமை.

நீ முகர்ந்து பார்த்தாய். நல்லாருக்கு என்றாய். மறுநாள் காட்பாடியில் ஒரு வேப்பமரத்தில் அதைப் போட்டு, இடுப்புவாரை மாட்டி, காலைத் தரையிலிருந்து எடுத்தாய். எடுத்ததும் மீண்டும் தரைக்கே வந்துவிட்டாய். கயிறு நீண்டுவிட்டது. மறுபடியும் ஏறினாய். மேலே போய் ஒரு கிளையை எட்டி அறுக்கச் சாய்ந்தபோது முழ அளவுக்குக் கீழே போய், திரும்ப மேலே வந்தாய். கீழே கயிற்று முனையைப் பிடித்திருந்த தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாபா ரிப்போர்ட்டரே, தூளி கட்டிக் குடுத்துட்டியா?" என்று மேலேயிருந்து கேட்டாய்.

அன்று முழுக்க அந்தத் தூளியிலேயே வேலையை முடித்தாய். என் எதிரில் கயிற்றை மாற்ற உனக்கு மனம் வரவில்லை என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். சாயங்காலம் டீக்கடையில் மெதுவாக எடுத்துச் சொன்னாய். மலை ஏறுகிறவன் கையாலும் காலாலும் ஏறுகிறான், கயிறு சும்மா கூடவே வருகிறது, அவன் தவறி விழும்போதுதான் அதற்கு வேலை. அப்போது அது நீண்டு கொடுக்காவிட்டால் இடுப்பு உடையும். "நான் விழறதுக்கு ஏறல. அதுமேல ஒக்காந்து வேலை செய்ய ஏறறேன். எனுக்கு நீளக்கூடாது. அவ்ளோதான் வித்தியாசம்" என்றாய். அந்த நீலக் கயிறு பிறகு உங்கள் வீட்டில் துணி காய வைக்கப் போனது. ஈரத்துணி போட்டால் அங்கேயும் நீண்டு தொங்கும். தனம் அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள்.

அடுத்த கயிற்றை நீயே தேர்ந்தெடுத்தாய். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது மட்டும் என் வேலை. ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டு, மரவேலைக் கயிறு விற்கும் ஆளை போனில் பிடித்து, நீ சொல்லச் சொல்ல நான் கேட்டேன். எவ்வளவு தடிமன்? பதினொன்றிலிருந்து பதிமூன்று மில்லிமீட்டர் வரை இருக்கிறது என்றார். நீ மேசையில் கிடந்த தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துப் பார்த்து, மெலிசாக இருந்தால் சாயங்காலத்துக்குள் விரல் மடங்காது, ரொம்பத் தடித்தால் முடிச்சு நகராது, பன்னிரண்டு சொல்லு என்றாய். எவ்வளவு நீளம்? நாம் ஏறும் பெரிய மரத்தின் உயரத்தைப்போல இரண்டு பங்கு, ஏனென்றால் கயிறு கிளைக்கு மேலே போய்த் திரும்பி வர வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம். ஆக நாற்பத்தைந்து மீட்டர். எதனால் செய்தது? வெளியே உறை பாலியஸ்டர், உள்ளே சரடு நைலான். நீ கொஞ்ச நேரம் யோசித்தாய்.

"நைலானுக்கு ஆசிட் ஆகாது. பாலியஸ்டருக்குச் சுண்ணாம்பு ஆகாது. ஆம்பூர்ல ரெண்டும் கீது. அப்போ இன்னா பண்ணணும்? கயித்த தரையில போடக்கூடாது."

சொன்னதோடு விடவில்லை. பிரியாணிக் கடை ஒன்றிலிருந்து அடி நசுங்கிய பழைய தேக்சா ஒன்றைத் தூக்கிவந்தாய். அலுமினிய அண்டா, நான்கு படி அரிசி வேகும் அளவு. அதன்பின் எந்த மரத்தடியிலும் தேக்சாவுக்குப் பக்கத்தில் தனம் நிற்பாள். நீ மேலே போகப் போகக் கயிறு அதிலிருந்து எழும், இறங்க இறங்க அதற்குள்ளேயே சுருண்டு விழும். டேனரி வளாகங்களில் போகிற வருகிறவர்கள், இன்னாக்கா, மதியத்துக்கு மட்டனா சிக்கனா என்று கேட்காமல் போனதில்லை. மட்டன்தான், மேலேயிருந்து எறங்கினதும் போடறேன் என்பாள் தனம், கண்ணை உன்மேலிருந்து எடுக்காமல்.

நிறத்தில் மட்டும் நீ தனத்தின் பேச்சைக் கேட்கவில்லை. உனக்குப் பச்சை பிடித்திருந்தது. இலைக்கு நடுவே கயிறு எங்கே, ரம்பம் எங்கே என்று கீழேயிருந்து தனக்குத் தெரியவில்லை என்று ஆறு வருஷமும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒன்பது மாதத்துக்கு முன் ஆம்பூரில் ஒரு டேனரியின் பின்கட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது உனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நீயே இறங்கினாய், இறங்கி உட்கார்ந்தவன் எழவில்லை. நான் அன்று ஆம்பூரில்தான் இருந்தேன். தனமும் முரளியும் உன்னோடு காரில் ஏறிக்கொள்ள, ரம்பங்களும் வாரும் கயிறும் மரத்தடியிலேயே கிடந்தன. கோடவுன் பார்க்கும் காதர் பாய் எனக்கு நெடுநாள் பழக்கம். எல்லாத்தையும் எடுத்து ஏதாவது ஒரு பூட்டின ரூமில் வையுங்கள் பாய் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ரம்பம் திருடு போகக்கூடாது என்பது மட்டுமே அப்போது என் கவலை.

ஆஸ்பத்திரியில் ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, நாம் இருவர் மட்டும் இருந்த ஒரு மதியம், கயிறு எங்க என்று கேட்டாய். பத்திரமாக இருக்கிறது, ஆம்பூர் கோடவுனில் என்றேன்.

"எந்த ரூம்ல?"

"தெரியல. காதர் பாய் பூட்டித்தான் வெச்சிருக்காரு."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். வலி என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, எடுத்துட்டுப் போய் தனத்துகிட்ட குடுத்துடு என்றாய். சரி என்றேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் நீ இருந்தாய். அந்த மூன்று வாரத்தில் நான் ஆம்பூருக்கு நான்கு முறை போனேன், வேறு வேலைகளுக்காக. நான்கு முறையும் நினைவு வந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு முரளிதான் போய் எல்லாவற்றையும் எடுத்துவந்தான்.

முப்பது வருஷமாக ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். எந்த அறை என்று நீ கேட்டபோது, ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு ஐந்து மாதம் யாரும் மரம் ஏறவில்லை. போன மாதம், வாணியம்பாடி ரோட்டில் இருக்கும் ஷூ கம்பெனி ஒன்று தனத்தைக் கூப்பிட்டது. அவர்கள் வளாகத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளைகள் இரண்டு கேன்டீன் கூரைமேல் சாய்ந்திருந்தன. தனம் ஒப்புக்கொண்டாள். இனி முரளி ஏறுவான், அவள் கீழே நிற்பாள். முரளியை உனக்குத் தெரியும். முப்பத்தாறு வயது, இரண்டு பெண்குழந்தைகள், உன்னோடு ஆறு வருஷம் ஏறியவன். உன் அளவுக்குப் பேச மாட்டான், உன் அளவுக்கு வேகமும் இல்லை. பயமில்லாமல் ஏறுகிறவன் இல்லை, அதனால்தான் அவனை நம்புகிறேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

திங்கட்கிழமை வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்கு நான் போனபோது முரளி வாசலில் உட்கார்ந்து உன் பச்சைக் கயிற்றை விரலிடுக்கில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு முழம் விடாமல் தடவிப் பார்த்துவிட்டானாம். ஒரு கட்டி இல்லை, ஒரு மெலிவு இல்லை. மாமா கயித்துலதான் ஏறுவேன் சார் என்றான். தனம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஐந்து மாதத்தில் நான் பார்க்காத ஒரு நிம்மதி. எந்த ரூம்ல என்று நீ கேட்டது அப்போதுதான் எனக்குக் கேள்வியாகக் கேட்டது.

அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஆம்பூர் போனேன். காதர் பாயிடம் எந்த அறை, எந்த மூலை, எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் அழைத்துப்போய்க் காட்டினார். நெடுக இரும்பு அலமாரி. மேல்தட்டில் உங்கள் சாமான் இருந்திருக்கிறது. கீழ்த்தட்டில் ஆசிட் கேன்கள். உள்ளே நுழைந்ததுமே நெடி மூக்கைத் துளைத்தது.

"இங்கதான் வெச்சோம் சாப். நடுவுல ஒரு லோடு ஜாஸ்தியா வந்துச்சி, எடம் பத்தல. கேன மேல கீள மாத்தி வெச்சாங்க பசங்க. ஏன், எதுனா காணோமா?"

எதுவும் காணாமல் போகவில்லை என்றேன். மேல்தட்டில் மடித்து வைத்திருந்த காலிச் சாக்கு ஒன்றை எடுத்தேன். மடிப்பில் பிடித்துத் தூக்கியபோது மடிப்பு மட்டும் என் கையோடு வந்தது. மீதி அங்கேயே இருந்தது.

திரும்பி வந்து இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். எங்கே வைக்கச் சொன்னேன், எதற்குப் பக்கத்தில் இருந்தது, எத்தனை நாள் இருந்தது, சாக்கு எப்படி இருந்தது, எல்லாம் வரிசையாக. முரளிக்குக் கோபம் வந்தது. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நான் கையால பாத்துட்டேன் சார். மாமா எப்டிப் பாப்பாரோ அப்டித்தான் பாத்தேன். ஒன்னுமில்ல. உறையில ஒரு நூல் கூடப் பிரியல."

உறை பாலியஸ்டர் முரளி என்றேன். ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. உள்ளேதான் நைலான். விரலுக்குத் தெரிவது உறை மட்டும்.

தனம் என்னைப் பார்த்தாள். "அவுரு கேட்டாராண்ணா? கயிறு எங்கன்னு?"

"கேட்டான்."

"எப்போ?"

"போறதுக்கு மூணு வாரம் முன்னாடி. உங்கிட்ட எடுத்தாந்து குடுக்கச் சொன்னான். நான் போகல தனம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தியோடு வந்தாள். நீ கயிறு அறுக்கும் அந்த வளைந்த தோல்கத்தி. ஓய்வு கொடுத்த கயிற்றை நீ எப்படி அறுப்பாயோ அப்படியே, இரண்டு கையையும் விரித்து ஒரு மார் அளந்து அறுத்தாள். யாரும் மறுபடி அதில் ஏற ஆசைப்படக்கூடாது என்பதற்காக நீ வைத்திருந்த அளவு. அவள் இரண்டாவது மார் அளக்கும்போது முரளி குறுக்கே கை வைத்தான். வேணாங்க்கா, அவரு கயிறுக்கா என்றான். தனம் கையை நகர்த்தவில்லை, கத்தியையும் நகர்த்தவில்லை. காத்திருந்தாள். அவனே கையை எடுத்துக்கொண்டான்.

அறுத்த முதல் துண்டுகளின் முனையை நான் பார்த்தேன். உள்ளே வெள்ளைச் சரடு, புதிது போலவே இருந்தது. முரளியும் பார்த்தான். பாருங்க, எவ்ளோ கெட்டியா கீது என்று துண்டு துண்டாக உறையைத் தள்ளி, உள்சரடை இழுத்து இழுத்துக் காட்டினான். தனம் அறுத்துக்கொண்டே போனாள். எட்டாவது துண்டு என்று நினைக்கிறேன். அவன் இழுத்த சரடு கையோடு வந்தது. அறுந்த சத்தம்கூட வரவில்லை, சேமியா ஒடிவதுபோல ஒடிந்தது. அவன் இன்னொரு சரடை இழுத்தான். அதுவும் வந்தது. அந்தத் துண்டின் உறை பச்சையாக, பளிச்சென்று, உன் விரலையே ஏமாற்றும் அளவுக்கு நன்றாக இருந்தது.

முரளி துண்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். உள்ளே அவனுடைய சின்னப் பெண் ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமைக்கு இன்னா சொல்றது, ஷூ கம்பெனி சேஃப்டி ஆபீசர் போன் பண்ணுவாரு என்று கடைசியில் அவன் கேட்டான். கயிறு வரலன்னு சொல்லு, உண்மைதானே என்றாள் தனம்.

புதுக் கயிற்றை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். நான் வழக்கம்போலப் படித்துச் சொன்னேன். தடிமன் கேட்டபோது முரளியின் கையைத் திருப்பிப் பார்த்தாள். அவன் கை உன் கையைவிடச் சிறியது. பதினொன்றரை இருந்தால் சொல்லுங்க என்றாள். இருந்தது. தூங்குமூஞ்சி மரம் உயரத்தைவிட அகலம் அதிகம், கிளையோடு கிளையாக வெளியே போக வேண்டியிருக்கும் என்று ஐம்பது மீட்டர் கேட்டாள். கயிறு செய்த வருஷம் எழுதியிருக்கிறதா, எவ்வளவு நாளாகக் கடையில் கிடக்கிறது என்று கேட்கச் சொன்னாள். நீகூடக் கேட்காத கேள்வி அது.

பிறகு எதனால் செய்தது என்பதற்கு வந்தோம். உறையும் உள்ளும் முழுக்க பாலியஸ்டரில் ஒன்று இருந்தது, உன்னுடையதைப் போலக் கலந்தது ஒன்று இருந்தது. கலந்தது கொஞ்சம் மெத்தென்று இருக்கும், முழு பாலியஸ்டர் விறைப்பு, இடுப்பில் இடிக்கும் என்றார் போனில் பேசியவர். முரளி மெத்தென்று இருப்பதைக் கேட்டான். பாலியஸ்டருக்குச் சுண்ணாம்பு ஆகாதே என்று நானும் சொன்னேன். தனம் யோசித்துவிட்டுச் சொன்னது இது:

"சுண்ணாம்பு பட்டா வெள்ளையாத் தெரியும்ணா. கண்ணுக்குத் தெரியற எதிரி. ஆசிட் தெரியாது. முழுசா பாலியஸ்டரே சொல்லிடுங்க. இடுப்பு இடிச்சா அவன் பொண்டாட்டி தைலம் தேய்ப்பா."

முரளி சிரித்துவிட்டான். சனிக்கிழமைக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். நிறம் என்ன என்று நான் கேட்கவே இல்லை. ஆரஞ்சு என்று அவளே சொன்னாள்.

நேற்று ஏறினான். நானும் போயிருந்தேன். கூப்பிடவில்லை, போனேன். மணல்பை கட்டிய நூலை எறிந்து மேல்கிளையைப் பிடித்தான், அதன்வழியே கயிற்றை இழுத்து ஏற்றினான். தேக்சாவுக்குப் பக்கத்தில் தனம். கேன்டீன் பெண்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஏறுவதற்கு முன் இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தார்கள், முதலில் முரளி, பிறகு தனமும் கூடச் சேர்ந்து. கயிறு கொஞ்சமும் நீளவில்லை. சின்னச் சின்னக் கிளைகளாக எடுத்துக்கொண்டு முரளி மெதுவாக மேலே போனான். உன்னைவிட இரண்டு மடங்கு நேரம். ஒவ்வொரு கிளைக்கும் முன்னால் கீழே பார்த்து, அக்கா என்று ஒரு சொல். ம் என்று இவள் ஒரு சொல். அதற்குப் பிறகுதான் ரம்பம்.

பதினொரு மணி வாக்கில் தனத்துக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் பாட்டில் கேன்டீன் படியில் இருந்தது. நான் எடுத்துவரத் திரும்பினேன். அவள் அதற்குள் கயிற்று முனையை என்னிடம் நீட்டிவிட்டாள்.

"புடிங்கண்ணா. இறுக்க வேணாம், தொங்கவும் உட வேணாம்."

பன்னிரண்டு வருஷத்தில் நீ ஒரு முறையும் என்னை அந்த முனையைப் பிடிக்கவிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நான் விட்டுவிட்டாலும் முரளி விழமாட்டான், மேலே அவன் முடிச்சு அவனைப் பிடித்துக்கொள்ளும். கீழே இருப்பவருக்கு வேலை, அவன் ஏறும்போது அந்த முடிச்சு சிக்காமல் நகர, கயிற்றை இதமாக இழுத்துக்கொடுப்பது மட்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் இரண்டு கைகளாலும் பிடித்தேன். கயிற்றைத் தொட்டதுமே முரளி என் கைக்கு வந்துவிட்டான். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடை மாறுவது, ரம்பத்தை வாரில் மாட்டுவது, மூச்சு வாங்க நிற்பது, ஒவ்வொன்றும் தனித்தனியாக உள்ளங்கைக்கு வந்தது. இத்தனை வருஷம் நீ மேலே இருந்தபோதெல்லாம் தனம் கையில் என்ன இருந்தது என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போதும் வலது கையில் அது இருக்கிறது.

தனம் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். வாங்கிக்கொள்வாள் என்று முனையை நீட்டினேன். அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டவில்லை.

"அடுத்த கிளைக்குப் போறான். கொஞ்சம் இழுங்க" என்றாள்.

இழுத்தேன்.